பக்கத்தின் அடியில் எட்டு வரி

ஐம்பத்து மூன்று வயதில் கத்தரி எச்.டி.எம்.எல். படித்தாள். பதவி உயர்வுக்கு இல்லை, பொழுது போகாமலும் இல்லை. இணையத்தில் இருந்த ஒரே ஒரு பக்கத்தைச் சாகவிடாமல் காப்பாற்றப் படித்தாள். காப்பாற்றியும் விட்டாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

கத்தரி என்பது ஆவண அறையில் வைத்த பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை, கூரை வரை இரும்பு அலமாரி. பழைய நோயாளிகளின் கோப்புகளைப் பிரித்து, வேண்டியதை நிறுத்தி, வேண்டாததைக் கழிப்பது அவள் வேலை. வெற்றுத்தாள், ஒரே தாளின் இரண்டாம் நகல், கையெழுத்து விழாத படிவம், இந்த மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் உருவி எறிவாள். கோப்புக்கு ஒன்றரை நிமிஷம். இருபத்தாறு வருஷத்தில் வேண்டிய தாளைக் கிழித்துவிட்டாள் என்று ஒரு புகார் கிடையாது. "அக்கா கை பட்டாத்தான் அலமாரி மூச்சு விடுது" என்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

கட்டிக்கொண்டவர் நேர் எதிர். தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்க்கிறவர். தெருத்தெருவாக நடந்து, வீட்டுக்கு வீடு குனிந்து, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வருவார். மீட்டர்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். போகிற வழியில் கிடக்கிற பட்டன், நின்றுபோன கைக்கடிகாரம், ஒற்றைச் சாவி, மூடி தொலைத்த பேனா எல்லாம் அவர் பைக்குள் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். அவர் கொண்டு வருவார், இவள் கொண்டு போய்க் கொட்டுவாள். இரண்டு அறை வீட்டில் இப்படியே முப்பது வருஷம் ஓட்டினார்கள். பிள்ளை குட்டி இல்லை. சண்டை உண்டு, ஆனால் எல்லாம் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் ஆறிப்போகிற சண்டை.

கல்யாணமான புதிதில் அவர்களுடைய குடித்தனமே துண்டுச்சீட்டில்தான் நடந்தது. அவர் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அவளுக்கு அப்போது மதிய முறை வேலை. அவர் கிளம்பும்போது இவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அவர் திரும்பும்போது இவள் போயிருப்பாள். உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு சீட்டு இருக்கும். 'குழாய் ஒழுகுது, வாளி வச்சிருக்கேன். நேத்து பேசினது தப்புதான். தலைவலி போச்சா?' இப்படி என்னவாவது. கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றே: 'சாவி மீட்டர் மேல.' வீட்டுக்கு இருந்தது ஒரே சாவி. அவள் கிளம்பும்போது அதை வாசல் சுவரில் இருக்கிற தண்ணீர் மீட்டர் மேல் வைத்துவிட்டுப் போனால்தான் அவர் உள்ளே வரமுடியும். சீட்டின் பின்பக்கம் அவள் 'வச்சாச்சு' என்று எழுதி, திரும்ப ஜாடிக்கு அடியிலேயே செருகிவிட்டுப் போவாள்.

"சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ள வந்தவனுக்கு, வச்சாச்சுன்னு ஒரு சேதியா? இது ஊர்ல எங்கயாவது உண்டா?" என்று வாராந்திர லீவில் அவர் கேலி பண்ணுவார்.

"அப்ப நாளைக்கு வைக்காமப் போறேன். ஜன்னல் வழியா ஏறி வாங்க, சேதி படிக்கலாம்" என்பாள் இவள்.

பிறகு அவளுக்குப் பகல் வேலை வந்தது, இரண்டாவது சாவியும் வந்தது, சீட்டு நின்றுபோனது. அவள் அதை மறந்தும் போனாள்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் இருக்கும்போது மீட்டர்காரருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஜியோகேச்சிங் என்று அதற்குப் பேர். விஷயம் இவ்வளவுதான். ஒரு சின்ன டப்பாவுக்குள் ஒரு குறிப்புச் சுருளும் இரண்டு சில்லறைச் சாமானும் போட்டு, ஊருக்குள் எங்கேயாவது ஒளித்து வைப்பது. அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை அதற்கென்று இருக்கிற தளத்தில் ஒரு பக்கம் போட்டு எழுதுவது. முன்பின் தெரியாத யாரோ போனைக் கையில் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள், சுருளில் பேர் எழுதுவார்கள், டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தில் 'கிடைத்தது, நன்றி' என்று ஒரு வரி போடுவார்கள். யாருக்கும் காலணா பிரயோஜனம் கிடையாது.

"வளர்ந்த மனுஷங்களா இவங்கல்லாம்?" என்று கேட்டாள் கத்தரி.

"வளர்ந்தது போதும்னுதான்டி இதெல்லாம்" என்றார் அவர்.

நாலு டப்பா ஒளித்து வைத்தார். அதில் அவருக்கு உசத்தி 'இல்லாத வீட்டு மீட்டர்'. அவர் பார்க்கிற தெரு ஒன்றில் கடைசி வீட்டை இடித்துப் பல வருஷமாகிறது. வீடு போய்விட்டது, சுவரில் ஒரு முழம் மட்டும் நின்றது, அந்த ஒரு முழத்தில் தண்ணீர் மீட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டியலிலிருந்து பேரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மாதாமாதம் அவர் போய்க் குனிந்து பார்த்து 'பூஜ்யம்' என்று குறித்துக்கொண்டு வந்தார். அந்த மீட்டர் கூண்டுக்குள்தான் டப்பா. அந்தக் கதையைப் பக்கத்தில் எழுதி, அதற்கு எச்.டி.எம்.எல். குறியெல்லாம் போட்டு, தலைப்பை நடுவில் நிறுத்தி, ஒரு வரியைச் சாய்த்து, ஒரு வரியைத் தடிப்பாக்கி, கல்யாணப் பெண்ணை அலங்காரம் பண்ணுகிற மாதிரி பண்ணிக்கொண்டிருப்பார். சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். அந்தக் குறிக்கு இன்ன மாயம், இந்த நிறத்துக்கு இன்ன தந்திரம் என்று அவர் பாட்டுக்குச் சொல்லுவார். கத்தரி 'ம்' கொட்டுவாள். காதில் ஒன்றும் ஏறாது.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் ஒரு விடுமுறை நாளில் அவள் பரணைச் சுத்தம் பண்ணினாள். துருப்பிடித்த தகர பிஸ்கட் டப்பா ஒன்று. ஆட்டிப் பார்த்தாள், சத்தம் வரவில்லை. மூடி இறுகியிருந்தது, திறக்க மெனக்கெடவில்லை. குப்பையோடு குப்பையாகக் கீழே போனது.

சாயங்காலம் அவர் பரணைப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு டப்பா இருந்துச்சே?" என்றார்.

"துரு. போட்டாச்சு."

"திறந்து பார்த்தியா?"

"ஆட்டிப் பார்த்தேன். காலி."

"காகிதம் எப்படிடி சத்தம் போடும்?" அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நம்ம சீட்டுடி அதெல்லாம். ஒண்ணு விடாம எடுத்து வச்சிருந்தேன். முன்பக்கம் நான், பின்பக்கம் நீ."

செருப்புக்கூடப் போடாமல் இரண்டு மாடி இறங்கி ஓடினார். குப்பை வண்டி மதியமே போயிருந்தது. திரும்பி வந்தவரிடம் அப்போது ஒரு வார்த்தை 'தப்புத்தாங்க' என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு உள்ளே குளிரெடுத்துப் போயிருந்தது, அது நிஜம். ஆனால் வாயில் வந்தது வேறு. "அந்தக் காலத்துச் சீட்டை வச்சு என்னத்த பண்ணப் போறீங்க?" என்றாள்.

அன்றைக்கு மூடிய வாயை அவர் ஆறு மாதம் திறக்கவில்லை. கேட்டதற்கு 'ம்', 'இல்ல', 'சரி'. ஒரே கட்டில், ஒரே சமையல், ஆனால் பேச்சு கிடையாது. அவளும் வீம்புக்காரி. அவராக வரட்டும் என்று இருந்தாள்.

அவராகத்தான் வந்தார். ஒரு காலை, வாசலில் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "இல்லாத வீட்டு மீட்டர் பக்கத்தைப் பாரு. அடி வரைக்கும் பாரு. உனக்குத்தான் எழுதியிருக்கேன்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகக் கணினியில், முன்பு அவர் சொல்லி வைத்திருந்த கடவுச்சொல்லைப் போட்டுப் பக்கத்தைத் திறந்தாள். இடித்த வீட்டுக் கதை இருந்தது. போகிற வழி இருந்தது. ஒரு படம். அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெறும் வெள்ளை. அவ்வளவுதான், பக்கம் முடிந்தது. மேலே போனாள், திரும்ப இறங்கினாள். ஒரு எழுத்து இல்லை. உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை என்று காட்டுகிறாராக்கும் என்று நினைத்தாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சாப்பாட்டைத் திறக்காமலே மூடி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் அவர் கேட்டார். "பார்த்தியா?"

"பார்த்தேன். ரொம்ப நல்லா இருக்கு."

இன்னும் ஏதோ வரும் என்பது போல அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பதினேழாம் நாள், பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. இரண்டு பஸ் வந்து போயிருக்கிறது, தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

துக்கத்தை எப்படித் தாங்குவது என்று கத்தரிக்கு ஒரு வழிதான் தெரியும். ஒரே மாதத்தில் வீட்டைக் கழித்துக்கட்டினாள். சட்டை, ஷூ, பட்டன் ஜாடி, கடிகாரக் குவியல், கடைசியில் அவருடைய பழைய கணினி. இரும்புக்காரன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். மிஞ்சியது மீட்டர் குறிப்புப் புத்தகம் ஒன்று. அதன் அட்டைக்குள் தளத்துக்கான பேரும் கடவுச்சொல்லும் ஒட்டியிருந்தன. வீடு பளிச்சென்று ஆனது. அதற்கப்புறம்தான் அவளால் அங்கே உட்காரவே முடியவில்லை. எதைத் தொட்டாலும் அவர் ஞாபகம் வரும் என்று பயந்து எல்லாவற்றையும் எறிந்தாள். இப்போது தொடுவதற்கு ஒன்றும் இல்லை.

எட்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. அவருடைய முகவரிக்கு வருகிற மின்னஞ்சலெல்லாம் அவள் போனுக்கு வரும்படி ஸ்கேன்காரர் செய்து வைத்திருந்தார். ஸ்கேன்காரர் ஆவண அறையில் அவளுக்கு அடுத்த மேஜை. அவள் கழித்து மிஞ்சிய தாள்களைக் கணினியில் ஏற்றுகிறவர். ஏறக்குறைய அவள் வயதுதான், ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வாய் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கும். கடிதத்தை அவர்தான் படித்துச் சொன்னார். தளத்தின் மேற்பார்வைத் தொண்டர் ஒருவர் எழுதியிருந்தார்: இல்லாத வீட்டு மீட்டரில் பெட்டியைக் காணோம் என்று மூன்று பேர் பதிவு செய்துள்ளனர். போகிற வழியும் மாறிவிட்டது. பக்கத்தில் எழுத்து வடிவம் குலைந்து கிடக்கிறது. முப்பது நாளில் சரி செய்யாவிட்டால் பக்கம் நிரந்தரமாக மூடப்படும்.

"மூடினா மூடட்டும் விடுங்கக்கா" என்றார் ஸ்கேன்காரர்.

"என் வீட்டுக்காரர் எழுத்துன்னு உலகத்துல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றாள் கத்தரி. ஸ்கேன்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

முதலில் பெட்டியைப் பார்க்கப் போனாள். அந்தத் தெருவுக்கு அவள் போனதே இல்லை. ஒரு முழச் சுவர் அப்படியே நின்றது, பக்கத்தில் புதிதாக ஒரு மதில் எழும்பி வழியை மறித்திருந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். மீட்டர் கூண்டின் கதவு தொங்கியது, உள்ளே சிலந்தி. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த மாத்திரை டப்பாவைக் கழுவிக் காயவைத்து, புதுச் சுருளும் பென்சிலும் போட்டு உள்ளே வைத்தாள். வைத்துவிட்டு, அவர் எப்படிக் குனிந்திருப்பார் என்று குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் முள் பூஜ்யத்தில்தான் நின்றது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு பாடம். தினம் சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம். "கூர்மூக்கு அடைப்புக்குள்ள ஒரு பி போட்டா எழுத்து தடிக்கும். போதும்னு தோணினா சாய்கோடு போட்ட இன்னொரு பி. அதுதான் மூடுறது. மூடலன்னா அது பாட்டுக்குத் தடிச்சுக்கிட்டே போகும்" என்றார் ஸ்கேன்காரர்.

"அவரும் அப்படித்தான். ஒரு கதவை மூட மாட்டார்."

"இங்கயும் மூடல பாருங்க. நடுவுல திறந்தவர் அப்படியே விட்டுட்டார். அதான் பாதிப் பக்கம் கறுகறுன்னு கிடக்கு."

ஐ போட்டால் எழுத்து சாயும். பி.ஆர். போட்டால் வரி உடையும், இரண்டு பி.ஆர். போட்டால் நடுவில் வெற்று வரி விழும். பி.ஆருக்கு மட்டும் மூடுகிற வேலை கிடையாது. அந்த ஒன்றுதான் அவளுக்குப் பிடித்தது. தப்புத் தப்பாக அடித்து, திட்டித் தீர்த்து, ஒன்பதாம் நாள் ஒரு பத்தியை ஒழுங்காகக் கொண்டு வந்தாள்.

பதினோராம் நாள் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தாள். திருத்துகிற பெட்டியில் ஒரு நேரத்துக்கு ஆறு வரிதான் தெரியும். அந்த ஆறு வரியிலும் எழுத்தைவிடக் குறிதான் அதிகம், எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. "இதுக்குள்ள யார் கை விடுறது?" என்றாள். அவளுக்கு அவள் வழிதான் சரி. வெளியே தெரிகிற பக்கத்தைப் பார்த்து, வரி விடாமல் ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டாள். இடித்த வீட்டுக் கதை அவர் வார்த்தையிலேயே, வழி மட்டும் புதிதாக. அடியில் கிடந்த வெள்ளை இடத்தை மறுபடி பார்த்தாள். பழைய எரிச்சல் ஒரு நொடி வந்தது. வெற்றுத்தாள் கழிக்கிறவளுக்கு அதற்கு என்ன யோசனை? விட்டுவிட்டாள். எழுதியதைக் குறிகளோடு புதிதாக அடித்து முடித்தாள். பிறகு பழையதை முழுசாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள், புதியதை ஒட்டினாள்.

"அக்கா, சேமிக்கிறதுக்கு முன்னாடி பழசை ஒரு நகல் எடுத்து வச்சுக்கலாம்ல?"

"கறுகறுன்னு கிடந்த குப்பை. அதை எதுக்குச் சேர்க்கணும்?" சேமித்தாள்.

பக்கம் அவ்வளவு சுத்தமாக வந்தது. தலைப்பு நடுவில், தடிப்பு அதனதன் இடத்தில், கடைசி வரிக்குக் கீழே ஒரு இம்மி வீண் இடம் இல்லை. தொண்டர் நன்றி சொல்லி எழுதினார். கத்தரி அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒருவர் பதிவு போட்டார். மதியம் ஸ்கேன்காரர் பக்கத்தில் இருக்கும்போதே அதைத் திறந்தாள். 'பெட்டி கிடைத்தது. பக்கம் அழகாகிவிட்டது. ஆனால் அடியில் இருந்த வெள்ளைக் கடிதத்தை ஏன் எடுத்துவிட்டீர்கள்? மனைவிக்கு எழுதியது. போன வருஷம் படித்தேன். இந்தத் தடவை என் மனைவிக்குக் காட்டலாம் என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.'

"வெள்ளைக் கடிதம்னா என்னப்பா?" என்றாள்.

ஸ்கேன்காரர் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மீட்டர்காரரின் வேறொரு பெட்டிக்கான பக்கத்தைத் திறந்தார். அதன் அடியிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெற்று வெள்ளை. மவுஸை அழுத்திப் பிடித்து அந்த வெள்ளையின் மேல் இழுத்தார். நீலப் பட்டை ஒன்று விரிந்தது, அதற்குள் எழுத்து தெரிந்தது: 'மூணாவது கல்லுக்குப் பின்னாடி. முட்டி பத்திரம்.'

"எழுத்துக்கு நிறம் கொடுக்கிற குறி ஒண்ணு இருக்குக்கா. வெள்ளைத் தாள்ல வெள்ளை நிறம் கொடுத்தா கண்ணுக்குத் தெரியாது. இழுத்தாத்தான் தெரியும். பெட்டி தேடுறவங்க எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல்ல இதைத்தான் செய்வாங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு அடியில அவ்வளவு வெத்திடத்தைப் பார்த்தப்பவே எனக்குத் தோணியிருக்கணும்."

இந்த நிறத்துக்கு இன்ன தந்திரம். சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார். எத்தனை தடவை சொன்னாரோ! மூன்று வருஷமாக 'ம்' கொட்டுகிறவள் கேட்டிருப்பாள் என்று நம்பி, அடி வரைக்கும் பாரு என்றார் பாவம். பார்த்தேன், ரொம்ப நல்லா இருக்கு என்றாள் இவள். படித்துவிட்டாள் என்றே நினைத்தார். படித்துவிட்டு இவ்வளவுதான் சொல்கிறாள் என்று நினைத்தார். அந்த நினைப்போடு பதினேழு நாள் அவளோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அந்த நினைப்போடேயே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். கத்தரி நாற்காலியைத் தள்ளி எழுந்தாள், எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தாள். அவர் செத்த அன்றுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை.

தளத்துக்காரர்களுக்கு எழுதினார்கள். பழைய வடிவங்களை நாங்கள் வைத்திருப்பதில்லை, வருந்துகிறோம் என்று பதில் வந்தது. உறுப்பினர்கள் மட்டும் உள்ளே நுழைந்து பார்க்கிற பக்கம் என்பதால் வெளியே எங்கும் நகல் இல்லை. கணினி இரும்புக்காரனிடம் போய் எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கைதான் குறுக்கே நின்றது.

பக்கத்தில் இருந்த பழைய பதிவுகளை எல்லாம் வரிசையாகப் படித்தாள். ஐம்பத்தெட்டுப் பேர் வந்து போயிருந்தார்கள். அதில் கடைசி இருபது பேர் அவர் எழுதின பிறகு வந்தவர்கள். 'அடி வரை படித்தேன். வீட்டம்மாவுக்கு என் வணக்கம்' என்று ஒருவர். 'கொடுத்து வைத்த அம்மா' என்று ஒருவர். முன்னாலேயே இதையெல்லாம் மேலோட்டமாகப் பார்த்திருக்கிறாள்; யாரோ யாருக்கோ சொல்கிறார்கள் என்று தாண்டிப் போயிருக்கிறாள். ஊரில் இருபது பேர் நின்று படித்துவிட்டுப் போன கடிதத்தை, யாருக்கு எழுதினதோ அவள் மட்டும் படிக்கவில்லை.

பக்கத்தின் உச்சியில், பி போட்டுத் தடிப்பாக்கி எழுதினாள்: 'இந்தப் பக்கத்தின் அடியில் இருந்த கடிதத்தைப் படித்தவர்கள், நினைவில் இருப்பதைத் தயவு செய்து எழுதுங்கள். நான் அவர் மனைவி. நான் படிக்கவில்லை.'

ஐந்து பேர் பதில் எழுதினார்கள். ஒருவருக்கு எட்டு வரி இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது, ஏனென்றால் எண்ணிப் பார்த்தாராம். ஒருவருக்கு அழுகை வந்தது ஞாபகம் இருந்தது, எதற்கு என்று ஞாபகம் இல்லை. இரண்டு பேர், அது உங்கள் சொந்த விஷயம் என்று தெரிந்ததும் மரியாதைக்கு மூடிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல மனுஷர்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்ததற்குக் கத்தரி அவர்களை வாய்விட்டுத் திட்டினாள்.

ஐந்தாவது ஒரு பஸ் ஓட்டுநர் பெண். 'அம்மா, மற்ற வரியெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, மன்னிக்கணும். கடைசி வரி மட்டும் மறக்காது. சாவி மீட்டர் மேல என்று இருந்தது. அது பெட்டிக்கான துப்பு என்று நினைத்து, அந்த மீட்டர் மேல் அரை மணி நேரம் சாவியைத் தேடினேன். கையெல்லாம் துரு. கடைசியில் பார்த்தால் பெட்டி கூண்டுக்குள் இருந்தது. அப்போது ரொம்பச் சிரித்தேன்.'

கத்தரி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். ஸ்கேன்காரர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார், அவள் பார்க்கவில்லை.

எட்டு வரியில் ஏழு வரி என்ன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. திட்டியிருக்கலாம். டப்பாவைப் பற்றி எழுதியிருக்கலாம். ஆனால் முடித்தது சீட்டை முடிக்கிற மாதிரி. அப்படியென்றால் அவர் எழுதினது சீட்டுதான். உள்ளே வர வழி வைத்துவிட்டுப் போ என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, அன்று சாயங்காலம் வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நான் வைக்கலியே" என்றாள் சத்தமாக. அறையில் நாலு தலை திரும்பியது. "நான் வைக்கலியேப்பா!"

மறுநாள் மதியம் சாப்பிடாமல் கணினி முன் உட்கார்ந்தாள். திருத்துகிற பெட்டியைத் திறந்து, கடைசி வரிக்குப் போய், அந்த வரியை உடைக்க ஒரு பி.ஆர்., அப்புறம் ஒவ்வொன்றாக எட்டு பி.ஆர். அடித்தாள். கோப்பில் ஒரு வெற்றுத்தாளை விட்டு வைத்தறியாதவள், எட்டு வெற்று வரியைத் தன் கையால் வைத்தாள். அதற்கு அடியில் நிறக் குறியைத் திறந்தாள், வெள்ளை என்று கொடுத்தாள், ஒரு வார்த்தை அடித்தாள், மறக்காமல் மூடினாள். சேமித்தாள்.

ஸ்கேன்காரர் மென்றுகொண்டே எட்டிப் பார்த்தார். "என்னக்கா, அடியில மறுபடியும் இவ்வளவு வெத்திடம் விழுந்திருக்கு? வெட்டிரட்டுமா?"

"கை வச்சே, கையை ஒடிச்சிருவேன்" என்றாள் கத்தரி. சொன்னவள் மவுஸைப் பிடித்து அந்த வெள்ளையின் மேல் மெதுவாகக் கீழே இழுத்தாள். எட்டு வரியும் ஒன்றுமில்லாமல் போனது. ஒன்பதாவதில் நீலப் பட்டைக்குள் எழுத்து வந்தது: 'வச்சாச்சு.'